நாற்றக் கணக்கு

என் கருவி பகல் பதினோரு மணிக்கு வந்தது.
ஜீப்பின் பின்சீட்டில், தெர்மாகோல் படுக்கையில்,
பிள்ளைத்தாய்ச்சியைப் போலப் பத்திரமாக.
சிப்காட்டைத் தாண்டி, உப்பனாற்றங்கரை ஊரில்
ஒரு மொட்டைமாடியில் முக்காலி விரித்து நிறுத்தினேன்.
அப்போது கடற்காற்று.
எண்களெல்லாம் நல்ல பிள்ளைகளாக
வரம்புக்குக் கீழே கைகட்டி நின்றன.

"இப்ப எதுக்கு வந்தீங்க மேடம்?" என்றாள் அஞ்சலாட்சி.
கோபமில்லை.
சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து
கூடையில் வஞ்சிரம் தேடுகிறவரிடம் பேசும் குரல்.
"அது ராத்திரி ரெண்டே காலுக்கு இல்ல வரும்."

காதில் விழுந்தது. குறித்துக்கொள்ளவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
இருந்தது இவ்வளவுதான்:
துர்நாற்றம் உண்டா? ஆம். இல்லை.

அவள் உள்ளே போய் எடுத்துவந்தது
மளிகைக்கடை கொடுத்த தினசரிக் காலண்டரின் தாள்கள்.
கிழித்தவற்றை எறியாமல்
தூண்டில் நரம்பில் கோத்து வைத்திருந்தாள். மூன்று வருஷம்.
ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் கீழே பென்சிலில்
மு.கோ. என்றால் அழுகிய முட்டைக்கோஸ்.
ந.பா. நகப்பாலிஷ்.
செ.எ. செத்த எலி, ஆனால் இனிக்கும்.
வெறும் சுழி, பேரே இல்லாதது.
சுழி வந்த ராத்திரியெல்லாம்
கடைசி வீட்டுச் சின்னவனுக்கு இழுப்பு.

"செத்த எலி எப்படி இனிக்கும்?"
நான் கேட்ட முதல் உருப்படியான கேள்வி.
"சாக்கடையில சர்பத் ஊத்துனாப்ல"
என்றார் பாவாடைசாமி,
ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் டிரம் கழுவியவர்.
"ரெண்டாவது ஷெட்டுல வால்வு தொறந்தா அந்த வாசம்.
கச்சான் அடிச்சா நமக்கு.
கடக்காத்து அடிச்சா ரோட்டுக்கு அந்தண்ட."

இதையெல்லாம் முன்னால் யாரிடமாவது சொன்னீர்களா?
சிரித்தார்கள்.
ஏழு குழு வந்ததாம்.
ஒன்று ரத்தம் எடுத்தது. ஒன்று தலைமுடி வெட்டிக்கொண்டு போனது.
"முடியும் வரல, முடிவும் வரல."

மஞ்சக்குப்பத்து லாட்ஜ் அறை அன்று எனக்காகச் சும்மா கிடந்தது.
மாடியில் பாய், கொசுவத்தி, அவளுடைய பழைய போர்வை.
ஒன்றே முக்காலுக்குக் காற்று திரும்பியது.
தென்னை முதலில் சொன்னது.
அவள் எழுப்புவதற்குள் என் தொண்டை என்னை எழுப்பிவிட்டது.

பிறகு ஒரு சத்தம்.
மேலண்டைத் தெருவில் ஒரு ஜன்னல் சாத்தியது.
அப்புறம் அடுத்தது. அடுத்தது.
படார், படார் என்று
ஊர் மேற்கிலிருந்து கிழக்காகச் சாத்திக்கொண்டே வந்தது.
யாரும் கத்தவில்லை. யாரும் வெளியே வரவில்லை.
எங்கோ ஒரு பிள்ளை இருமியது.
வாட்ச்சைப் பார்த்தபடி எண்ணினேன்:
பதினாலு ஜன்னல், நான்கு நிமிஷம்.
காற்றின் வேகத்தை அப்படியும் அளக்கலாம்,
இருபது வருஷப் படிப்பில் அது எனக்கு வரவில்லை.

காலையில் கருவியைப் பார்த்தோம்.
இரவில் முள் துள்ளியிருந்தது.
இருபத்துநாலு மணி நேரச் சராசரியில்
பகலின் நல்ல காற்று அதைக் கழுவி விட்டுவிட்டது.
விளக்கினேன்.
அஞ்சலாட்சி பொறுமையாகக் கேட்டாள், பிறகு
"சராசரியில யாரு மூச்சு விடுறாங்க?" என்றாள்.
தெரியவில்லை என்று சொன்னேன்.
அந்த ஊரில் நான் உண்மையாகப் பேசிய
இரண்டாவது வாக்கியமாக இருக்கலாம்.

தாள்களைக் கேட்டேன்.
"ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. அசல் இங்கயே இருக்கும்.
நீங்க எழுதுறது தமிழ்ல மொத எங்களுக்கு வரணும்,
அப்புறம் ஆபீசுக்கு."
அன்றைய தேதித் தாளில் என் கையெழுத்து வாங்கினாள்,
வட்டிக்கு விட்டவள் வாங்குவதுபோல.
கூடவே ஒரு ஆளும் அனுப்பினாள், தாளுக்குக் காவலாக.

முதுநகர் ஜெராக்ஸ் கடை. கரண்ட் வரக் காத்திருந்தோம்.
கடைக்காரப் பையன் நரம்பை அவிழ்த்துக்கொண்டே கேட்டான்,
"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா மேடம்?"

திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் முழுக்கப் பேர்கள்.
அன்றைக்கு எழுந்திருக்க முடியாதவர்கள்,
எத்தனை நாள் கூலி போச்சு,
ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எவ்வளவு.

"ரெண்டு பக்கமும்," என்றேன்.